பதினொரு வயதில் ஏன் இந்த ஊசி?

சிலாபம் தொடக்கம் கற்பிட்டி முனை வரையான புத்தளம் கரையில், பாடசாலைக்கு ஊசி போட வருகிறார்கள் என்று தரம் 6 பிள்ளை வீட்டில் வந்து சொன்னால் போதும். அடுத்த முறை குடும்பநல உத்தியோகத்தரைக் கண்டதும் தாய்மார் கேட்பார்கள்: "ஏன் மிஸ், இந்தச் சின்ன வயசில அந்த ஊசி எதுக்கு?" உறவால் தொற்றும் கிருமிக்கு எதிரான ஊசி என்று காதில் விழுந்திருக்கும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மனம் சுருங்குவது இயல்பு. கேள்வி நியாயமானது, அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

ஹியூமன் பப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., ஒரே கிருமி அல்ல. அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கையிலும் காலிலும் மருவை உண்டாக்குவதோடு நின்றுவிடும். 6, 11 என்று எண்ணிட்ட வகைகள் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும். 16, 18 ஆகிய இரண்டும்தான் மிகக் கொடியவை. உலகில் காணப்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு இந்த இரண்டுமே காரணம். ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 1983, 1984ஆம் ஆண்டுகளில் இவற்றைப் புற்றுக் கட்டிகளுக்குள் கண்டுபிடித்தார். 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இது பரவும் விதத்தைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். எச்.பி.வி. தோலோடு தோல் உரசுவதால் தொற்றுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோலிலும் கிருமி இருக்கலாம் என்பதால் முழுதாகத் தடுக்காது. முழுமையான உடலுறவு இல்லாமலும் தொற்றலாம். ஒரே கிணற்றடியில் குளிப்பதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ இது வருவதில்லை. உறவு வாழ்க்கை தொடங்கிய ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தத் தொற்று வந்து போகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடும். அவர்களுக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

வாழ்நாள் முழுதும் ஒரே கணவரோடு வாழ்ந்த பெண்ணுக்கும் இது வரலாம். பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டுப் பிறகு பரிசோதனையில் தலைகாட்டவும் கூடும். கணவர் மாதக்கணக்கில் மீன்வாடியில் இருப்பதும், மனைவி வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய் வருவதும் இந்தக் கரையில் சாதாரணம். அப்படிப்பட்ட குடும்பத்தில் "எச்.பி.வி. இருக்கிறது" என்ற ஒரு வரி வீட்டையே இரண்டாக்கிவிடும். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: அந்த முடிவை வைத்துக்கொண்டு கிருமி யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டில் வந்தது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. அது எவருடைய நடத்தைக்கும் சாட்சி ஆகாது.

உடல் அடக்கத் தவறும் அந்தச் சிலரிடம்தான் ஆபத்து. கருப்பைக் கழுத்தின் அடித்தள உயிரணுக்களில் வைரஸ் நிலைத்துவிட்டால், அதன் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள் வேலையைத் தொடங்கும். உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் நம் உடலின் இரண்டு புரதங்களை அவை செயலிழக்கச் செய்யும். அப்படியும் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். எச்.ஐ.வி. போன்றவற்றால் நோயெதிர்ப்பு குன்றியவர்களிடம் இன்னும் விரைவாக நடக்கும். புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும். ஆண்களும் தப்புவதில்லை, தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்புப் புற்றுநோய்களில் ஒரு பகுதிக்கு இதே கிருமிதான் காரணம்.

தடுப்பூசியின் கதை 1991இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் தொடங்கியது. இயன் ஃபிரேசரும் சீனாவில் பிறந்த ஜியான் சோவும் வைரஸின் வெளியுறைப் புரதத்தை மட்டும் ஆய்வுகூடத்தில் உண்டாக்கினார்கள். அந்தப் புரதத் துண்டுகள் தாமாகவே ஒன்றுகூடி வைரஸின் உருவத்தை எடுத்தன. ஆளில்லாமல் மிதந்து வரும் வள்ளம் போல, உருவம் இருந்தது. உள்ளே மரபணு இல்லை. உடல் அந்த உருவத்தைப் பார்த்தே எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது. மரபணு இல்லாததால் ஊசியால் தொற்று வர வழியே இல்லை. பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற வதந்திக்கும் ஆதாரம் இல்லை. நான்கு வகைகளைத் தடுக்கும் கார்டசில் ஊசியின் புரதம் ஈஸ்ட்டில் வளர்த்து எடுக்கப்படுவது. ஹலாலா என்று கேட்போருக்காகச் சொல்கிறேன்: அதில் ஜெலட்டின் சேர்ப்பதில்லை. மலேசியா 2010 முதலே பாடசாலை மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி கொடுத்து வருகிறது. ஜியான் சோ 1999இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். 2006இல் ஊசி பயன்பாட்டுக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை என்பது மனதை வருத்தும் விஷயம்.

இனித் தாய்மாரின் கேள்விக்கு வருவோம். இந்த ஊசி வராமல் தடுக்கும். வந்து தங்கிவிட்ட கிருமியை விரட்டாது. ஆகவே கிருமியைச் சந்திக்கும் காலத்துக்கு வெகு முன்பே போட வேண்டும். அதோடு 9 முதல் 14 வயதுக்குள் உடல் காட்டும் எதிர்ப்பு மிகவும் வலுவானது. சுவீடனில் 16 இலட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது.

இலங்கையில் 2017இல் இது தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தரம் 6 மாணவிகளுக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அரை மில்லிலீற்றர் மருந்து மேற்கையில் ஏறும். சில பிள்ளைகளுக்குப் பயத்தில் தலை சுற்றும் என்பதால் கால்மணி நேரமாவது உட்கார வைத்திருப்பார்கள். கை கொஞ்சம் வலிக்கும், வீங்கும். சிலருக்கு இலேசான காய்ச்சல் வரும். அவ்வளவுதான்.

நம் கரையில் எனக்குள்ள கவலை இரண்டாவது ஊசியைப் பற்றியது. பருவம் மாறும்போது உடப்புக் கரைவலைக்காரர் கிழக்குக் கரைக்குப் போவது பழைய வழக்கம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறியவர்களில் பலர் மன்னாருக்கும் புத்தளத்துக்குமாக இரண்டு வீட்டில் வாழ்கிறார்கள். பிள்ளை ஒரு தவணை இங்கே படித்து அடுத்த தவணை வேறிடம் போனால், ஊசி போடும் நாள் இரண்டு பாடசாலையிலும் தவறிப்போகலாம். ஆறு மாதம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விடுபட்ட ஒன்றைப் போட்டால் போதும். வீடு மாறும்போது பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

2017இல் முதன்முதலாக ஊசி போட்ட பிள்ளைகள் 35 வயதைத் தொட 2041 ஆகும். அவர்களுடைய அக்காமாருக்கும் தாய்மாருக்கும் அந்த ஊசி கிடைக்கவில்லை. அவர்களுக்காகத்தான் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் வரச் சொல்கிறார்கள். கருப்பைக் கழுத்திலிருந்து சில உயிரணுக்களை மெதுவாக வழித்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் பப் பரிசோதனை. சில நிமிட வேலை, கொஞ்சம் அசௌகரியம். புற்றாகு முன்பே மாற்றத்தைக் கண்டுபிடித்தால், அந்த இடத்தை மட்டும் அகற்றிக் குணமாக்கலாம். ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் இந்தப் பரிசோதனை தேவை. எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.

வெட்கத்தால் இந்தக் கிளினிக்கைத் தள்ளிப்போடும் சகோதரிகளே, உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் கண்டாலோ வயதையும் திகதியையும் பார்த்துக் காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். மகளின் இரண்டாவது ஊசி போட்டாயிற்றா என்று இன்றைக்கே அட்டையை எடுத்துப் பாருங்கள். போடவில்லையென்றால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்; அப்படியே உங்களுக்கான கிளினிக் நாளையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.