மார்கழியிலும் பூக்கும் தோட்டம்



ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பாருங்கள். ஒரு வீட்டில் செடியெல்லாம் அழுகி, தொட்டியில் பாசி பிடித்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு மதில் ஓரத்தில் டிசம்பர் பூ கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும். இரண்டு வீட்டிலும் பெய்தது ஒரே மழைதான். "அவங்களுக்குக் கைராசி" என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இது கைராசி விஷயம் இல்லை. பூச்செடிக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால் யார் கை வைத்தாலும் பூக்கும்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மல்லிகை வரத்து குறைந்து, விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வீட்டுக் கொடியிலும் அந்தச் சமயம் மொட்டைக் காண்பது அரிது. வாசலுக்கு, சுவாமி படத்துக்கு, தலைக்கு என்று பூ அதிகம் வேண்டிய மாதமும் அதுதான்.

குளிர் தேசங்களிலும் இதே கவலை உண்டு. கோடை முடிந்து இலையுதிர் காலம் வந்த பிறகும் தோட்டத்தில் பூ இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அங்கே எதிரி உறைபனி. நம் உதகையிலேயே பார்க்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் காலம். ஒரே இரவில் டேலியா செடி கருகிப் போகும். சென்னையில் உறைபனி கிடையாது. அதற்குப் பதிலாக வடகிழக்குப் பருவமழை. நம் ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. இந்த மழையைத் தாண்டும் செடிதான் மார்கழியில் பூக்கும்.

முதலில் இரவைப் பற்றிச் சொல்கிறேன். சாமந்தி எப்போது மொட்டு விடுவது என்பதை எப்படி முடிவு செய்கிறது, தெரியுமா? இருட்டின் நீளத்தை வைத்து. 1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள், பகலின் நீளம் மாறினால் செடி பூக்கும் காலமும் மாறுகிறது என்று புகையிலைச் செடியை வைத்து விளக்கினார்கள். செடி உண்மையில் கணக்கு வைப்பது பகலை அல்ல, இடையறாத இருட்டைத்தான் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. நடு ராத்திரியில் சிறிது நேரம் வெளிச்சம் பட்டாலே கணக்கு கலைந்துவிடும்.

லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே சாமந்திக்குச் சூரியனே உத்தரவு போட்டுவிடும். சென்னையில் பகலின் நீளம் ஜூனில் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆகவே நம் ஊரில் வெயில் தணிவதும், இரவு இருட்டாக இருப்பதும்தான் முக்கியம். கடும் வெப்பத்திலும் சாமந்தி மொட்டு விடத் தாமதிக்கும்.

தி.நகரில் ஒரு அம்மா தம் மாடித் தோட்டத்தைக் காட்டினார். "ஒரே நாத்து, ஒரே உரம். இந்தப் பக்கத் தொட்டி பூத்துடுச்சு, அந்தப் பக்கம் வெறும் இலையா இருக்கு, ஏன் சார்?" என்று கேட்டார். அண்ணாந்து பார்த்தால், பூக்காத தொட்டிகளுக்கு நேரே தெருவிளக்கு! விடிய விடிய வெளிச்சம். ஓசூர் பக்கத்துச் சாமந்தி விவசாயிகள் வேண்டுமென்றே இரவில் பல்பு எரியவிட்டுப் பூவைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்த வேலையை இங்கே தெருவிளக்கு கேட்காமலே செய்துகொண்டிருந்தது. தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்துங்கள். முடியாவிட்டால், மாலை ஆறு மணிக்கு அட்டைப் பெட்டியால் மூடிக் காலை ஆறு மணிக்கு எடுத்துவிடுங்கள். மொட்டு கண்ணுக்குத் தெரிந்து பருக்கும்வரை ஒரு நாளும் தவறாமல் செய்ய வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் மேல் இலைகள் சிவக்கும் பாயின்செட்டியாவுக்கும் இதே விதிதான்.

அடுத்தது வேர். மழையில் செடி சாவது தண்ணீர் மேலே விழுவதால் அல்ல, கீழே நிற்பதால். வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்கும் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் திணறி அழுகும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அதைப் பார்த்து, "ஐயோ, வாடுதே" என்று இன்னும் ஒரு செம்பு தண்ணி ஊற்றுகிறவர்கள் உண்டு. அதோடு செடியின் கதை முடிந்தது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் உருவான ஊர். இப்படிப்பட்ட தாழ்ந்த இடங்களில் தரையில் நட்டால், பாத்தியை அரை அடி உயர்த்தியே போட வேண்டும். அடையாறு, பெசன்ட் நகர் கடலோர மணலில் தண்ணீர் நிற்காது. ஆனால் உரமும் நிற்காது. அங்கே மக்கிய எருவைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும். தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு போதும். அடித் துளையில் ஓட்டாஞ்சில்லு வைத்து, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் வைக்கும் தட்டை ஐப்பசி பிறந்ததும் எடுத்துவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போன்ற நாட்களில் தொட்டிகளைச் சுவர் ஓரம் இறக்கி நெருக்கி வைத்துவிட வேண்டும்.

அடுத்தது கத்திரியும் கைவிரலும். சாமந்திக் கன்றை ஆடியில் நடுங்கள். நட்டு நான்கு வாரம் கழித்து நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பெருகும். கிளை பெருகினால் பூ பெருகும். ஆனால் புரட்டாசி பாதிக்கு மேல் கிள்ளாதீர்கள். அப்போது கிள்ளினால் மொட்டையே கிள்ளியதாகிவிடும். டிசம்பர் பூச் செடியைப் பூத்து ஓய்ந்த பிறகு, மாசியில், பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். ஆவணிக்குப் பிறகு அதன்மேல் கத்திரி படக் கூடாது.

பூக்க ஆரம்பித்த பிறகு, வாடிய பூவை அன்றன்றே கிள்ளி எடுங்கள். செடி பூப்பது நமக்காக இல்லை, விதைக்காக. விதை பிடித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. விதை பிடிக்க விடாமல் பறித்துக்கொண்டே இருந்தால் துலுக்கச் சாமந்தி, ஜினியா போன்றவை இன்னும் பல வாரம் பூத்துக்கொண்டிருக்கும்.

மழைக்குப் பிறகு இலை வெளுத்தால், மழை சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். ஒரு கைப்பிடி கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். யூரியா வேண்டாம், இலைதான் கொழுக்கும். வேரழுகல் தென்பட்டால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைத்து வேர்ப் பகுதி நனைய ஊற்றலாம். மார்கழிப் பனியில் சாமந்திக் கொழுந்தில் அசுவினி கூடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் டிசம்பர் பூவில் ஆரம்பியுங்கள். ஊதா, வெள்ளை, ரோஸ் என்று நிறங்கள் உண்டு. வாசனை இல்லாவிட்டாலும் கட்டித் தொடுக்க அழகான பூ. குச்சி வைத்தாலே வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கேட்டால் ஒரு குச்சி தரமாட்டேன் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அடுத்து மஞ்சள் சாமந்தி. மூன்றாவதாகக் கனகாம்பரம், அடைமழையில் சற்று ஓய்ந்தாலும், வேர் தப்பித்தால் மழை விட்டதும் மறுபடி பூக்கும்.

இன்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தரம் மாடிக்குப் போய், எந்தத் தொட்டி மேல் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறது என்று பார்த்து வையுங்கள். சாமந்தியை எங்கே வைக்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். ஆடிக்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.