மிதித்துக்கொண்டே குடிக்க ஒரு பாட்டில்

சைக்கிள் மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேருகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. ஒருவர் பெடலில் 100 வாட் செலுத்தினால், அவர் உடலுக்குள் சுமார் 300 வாட் வெப்பம் பிறக்கிறது. வெயில் ஏறிய பிறகு வெளிக்காற்றும் உடலைப் போலவே சூடாகிவிடும். அப்போது அந்த வெப்பம் வெளியேற வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. தோலிலிருந்து ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 300 வாட்டை ஒரு மணி நேரம் வெளியேற்ற, ஏறக்குறைய அரை லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாக வேண்டும்.

இது வறண்ட காற்றுக்கான கணக்கு. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் வியர்வையில் ஒரு பகுதி ஆவியாகாமல் சொட்டி விழுந்துவிடுகிறது. சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. அதனால் உடல் மேலும் மேலும் சுரக்கிறது. வேகமாக மிதிப்பவர் மணிக்கு ஒரு லிட்டரும் அதற்கு மேலும் இழக்கக்கூடும். சைக்கிளில் எதிர்காற்று சட்டையைப் பாதி உலர்த்திவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்பதும் ஓட்டுபவருக்குச் சரியாகத் தெரிவதில்லை. வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் முதுகெல்லாம் வழிவது தெரியும்.

ஆகவே நீண்ட தூரம் ஓட்டுபவருக்கு பாட்டில் என்பது பிரேக்கைப் போல வண்டியின் ஓர் உறுப்பு. அதை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: வண்டியை நிறுத்தாமல், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரே கையால் இதிலிருந்து குடிக்க முடியுமா? பாட்டிலின் பொருள், வடிவம், மூடி, அளவு எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்கள்தான்.

உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. அதன் தொடக்கப் பதிற்றாண்டுகளில் வீரர்கள் உலோகக் குப்பிகளை ஹேண்டில்பாருக்கு முன்னால் கம்பிக்கூட்டில் மாட்டி ஓட்டினார்கள். வாயில் தக்கை. குடிக்க வேண்டுமென்றால் தக்கையைப் பிடுங்க வேண்டும், குடித்ததும் மறுபடி அடைக்க வேண்டும். குண்டும் குழியுமான சாலையில் இது சுலபமான வேலையில்லை. முன்சக்கரத்துக்கு மேலே கனம் தொங்கினால் திருப்புவதும் சிரமம்.

இந்த நிலையை மாற்றிய பொருள் ஓர் ஆய்வகத்தில் எதிர்பாராமல் பிறந்தது. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வேதியியலாளர்கள் ரெஜினால்ட் கிப்சனும் எரிக் ஃபாசெட்டும் எத்திலீன் வாயுவை பென்சால்டிஹைடுடன் சேர்த்து மிகக் கடுமையான அழுத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கலத்தின் உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதுதான் பாலிஎத்திலீன். இந்த முறையில் கிடைக்கும் வகையில் மூலக்கூறுச் சங்கிலிகளில் ஆங்காங்கே கிளைகள் முளைத்திருக்கும். கிளைகள் இருப்பதால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்படுவதில்லை; பொருள் மென்மையாக, வளைந்து கொடுப்பதாக இருக்கிறது. இதற்கு அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன் என்று பெயர். அழுத்தினால் உள்வாங்கும், விட்டால் பழைய வடிவுக்கு வரும். இன்றும் பெரும்பாலான சைக்கிள் பாட்டில்கள் இந்தப் பொருளாலோ, இதன் உறவான பாலிபுரொப்பிலீனாலோ ஆனவைதான்.

பந்தய உலகில் பாட்டிலுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. 1952 டூர் டி பிரான்ஸில், இத்தாலியின் பெரும் போட்டியாளர்களான ஃபாஸ்டோ கோப்பியும் ஜீனோ பார்த்தாலியும் மலையேற்றத்தில் ஒரு பாட்டிலைக் கைமாற்றிக்கொள்ளும் புகைப்படம் அந்த நாட்டில் மிகவும் புகழ்பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள். ஒவ்வொரு அணியிலும், பின்னால் வரும் அணிக் காரிடம் போய்ப் பாட்டில்களை வாங்கி, சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுக்கும் வீரர்கள் உண்டு. அவர்களின் உழைப்பில்லாமல் முன்னணி வீரர் வெல்வதில்லை.

அழுத்தினால் பீய்ச்ச வேண்டும்

எச்சில் படாமல் அண்ணாந்து குடிப்பது நம் வீடுகளின் பழக்கம். ஓடும் சைக்கிளில் அண்ணாந்தால் சாலை கண்ணை விட்டுப் போய்விடும். மென்மையான பாட்டில் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. அதை வாய்க்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து அழுத்தினால் உள்ளே அழுத்தம் கூடி, வால்வு வழியே தண்ணீர் பீய்ச்சி வாய்க்குள் விழும். தலையை நிமிர்த்த வேண்டாம், உதடும் படாது. கையைத் தளர்த்தியதும் சுவர் விரிந்து, அதே வழியாகக் காற்று உள்ளே போகும். உறிஞ்சிக் குடிக்கும் வகைகளில் அவ்வளவு நேரம் மூச்சை அடக்க வேண்டியிருக்கும். மேட்டில் இரைக்க இரைக்க ஏறுபவருக்கு அது முடியாது.

எவர்சில்வர் பாட்டிலை அழுத்த முடியாது. திருகு மூடியும் இருந்துவிட்டால் இரண்டு கையும் தேவைப்படும். பள்ளிக்கோ வேலைக்கோ பத்து நிமிடம் ஓட்டிப் போய், அங்கே சாவகாசமாகக் குடிப்பவருக்கு அது நல்ல தேர்வு. பையில் போட்டுக்கொண்டு போகலாம். மிதித்துக்கொண்டே குடிக்க அது உதவாது.

வால்வில் இரண்டு வகை உண்டு. பல்லால் பிடித்து இழுத்துத் திறந்து, மறுபடி அழுத்தி மூடுவது ஒன்று. இதை எளிதில் கழற்றிக் கழுவலாம். இன்னொன்றில் சிலிக்கோன் தகட்டில் சிறு கீறல் இருக்கும். பாட்டிலை அழுத்தினால் மட்டும் திறந்து, விட்டதும் தானே மூடிக்கொள்ளும். இது வசதியானது, ஆனால் உள்ளே இடுக்குகள் அதிகம். எதை வாங்கினாலும் வால்வைத் தனித்தனியாகக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். சேற்றுச் சாலையிலும் மாடுகள் நடக்கும் ஊர்ப் பாதையிலும் ஓட்டுபவர்கள் வால்வின் மேல் தனி மூடி உள்ள வகையை வாங்குவது நல்லது.

கேஜும் ஃபிரேமும்

பாட்டிலைத் தாங்கும் கூட்டை ஓட்டுபவர்கள் கேஜ் என்பார்கள். ஃபிரேமின் சாய்ந்த கீழ்க்குழாயான டவுன் டியூபிலும் இருக்கையைத் தாங்கும் சீட் டியூபிலும் 64 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு திருகுத் துளைகளில் இதைப் பொருத்துவார்கள். பெரும்பாலான கேஜ்கள் 73 அல்லது 74 மில்லிமீட்டர் விட்டமுள்ள பாட்டிலுக்காகச் செய்யப்பட்டவை. சைக்கிள் பாட்டில்களின் மேற்பகுதியில் ஒரு பள்ளம் இருக்கும். கேஜின் கொக்கி அதில் பிடித்துக்கொள்ளும். கடையில் விற்கும் குடிநீர் பாட்டிலுக்கு இந்த அளவும் கிடையாது, பள்ளமும் கிடையாது. நம் ஊர் வேகத்தடையில் ஒரு முறை குதித்தாலே அது துள்ளி விழும். கூட்டமாக ஓட்டும்போது பின்னால் வருபவரின் சக்கரத்தடியில் அது சிக்கினால் பெரிய விபத்தாகிவிடும்.

பழைய வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் இந்தத் துளைகள் இருக்காது. குழாயைச் சுற்றி இறுக்கும் பட்டையோடு வரும் கேஜ்கள் கிடைக்கின்றன. அப்போதும் ஹேண்டில்பாரைவிட ஃபிரேமின் முக்கோணத்துக்குள் மாட்டுவதே மேல். கனம் கீழே இருந்தால் வண்டி தடுமாறாது.

உயரம் குறைந்தவர்கள் சிறிய ஃபிரேமில் ஓட்டுவார்கள். அதன் சீட் டியூபில் பெரிய பாட்டிலை வைத்தால் எடுக்கும்போது மேல் பாரில் இடிக்கும். கேஜை மாட்டிய பிறகு மேலே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இடம் போதாதென்றால், பக்கவாட்டில் இழுத்து எடுக்கும் கேஜ் இருக்கிறது.

எவ்வளவு கொள்ள வேண்டும்?

சந்தையில் 500 மில்லிலிட்டரிலிருந்து 950 மில்லிலிட்டர் வரை கிடைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு 600 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் போகிறவருக்கு 750 மில்லிலிட்டர் பாட்டில் இரண்டும், வழியில் நிரப்பிக்கொள்ள ஓர் இடமும் தேவை. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரவே எனப்படும் நெடுந்தூர ஓட்டங்களில் அத்தனை தண்ணீரையும் சுமக்க முடியாது. டீக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ நிரப்பியாக வேண்டும். அதற்கு அகன்ற வாய் உள்ள பாட்டில் வசதி. பனிக்கட்டியும் போடலாம், பிரஷும் உள்ளே போகும்.

இரண்டு பாட்டில் வைத்திருந்தால் ஒன்றில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். தலையில் ஊற்றிக்கொள்ளவும் காயம் பட்டால் கழுவவும் அது உதவும். மற்றதில் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளலாம். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்கு சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. தாகத்தை மதித்துச் சிறிது சிறிதாகக் குடிப்பதே நல்லது.

குளிர்ந்த தண்ணீரின் பலன்

இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 35 டிகிரி வெப்பத்தில் சோர்ந்து நிற்கும்வரை சைக்கிள் மிதித்தவர்கள், 37 டிகிரி பானம் குடித்தபோது சராசரியாகச் சுமார் 52 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். 4 டிகிரி பானம் குடித்தபோது சுமார் 64 நிமிடம். குளிர்ந்த நீர் வாய்க்கு இதமாக இருப்பதோடு, உடலின் வெப்பத்தில் ஒரு பங்கையும் வாங்கிக்கொள்கிறது.

எனவே நம் வெயிலுக்கு இரட்டைச் சுவர் பாட்டிலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். இரண்டு மென்மையான சுவர்களுக்கு நடுவே காற்றோ நுரைப்பொருளோ அடைபட்டிருக்கும். சிலவற்றில் வெயிலைத் திருப்பியனுப்பும் பளபளப்பான தாளும் இருக்கும். வெற்றிடச் சுவர் கொண்ட எவர்சில்வர் பாட்டிலளவுக்கு இது குளிரைக் காக்காது. ஆனால் அழுத்திக் குடிக்கலாம்.

முந்தைய இரவே பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வையுங்கள். உறையும்போது நீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும் என்பதால் முழுக்க நிரப்பக் கூடாது. காலையில் மீதியை நிரப்பிக்கொள்ளுங்கள். பனிக்கட்டி உருக வாங்கும் வெப்பம், அதே எடைத் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமானது. அதனால்தான் சிறிதளவு பனிக்கட்டியே வெகுநேரம் வேலை செய்கிறது. சாதாரண பாட்டில்தான் இருக்கிறதென்றால் நனைத்த பருத்திக் காலுறையை அதன்மேல் மாட்டுங்கள். எதிர்காற்றில் ஈரம் ஆவியாக, மண்பானைத் தண்ணீரைப் போல உள்ளே இருப்பதும் குளிரும்.

பிளாஸ்டிக் பற்றிய கவலை

பாட்டிலின் அடியில் முக்கோணக் குறிக்குள் ஓர் எண் இருக்கும். 2, 4 என்பவை பாலிஎத்திலீன் வகைகள், 5 பாலிபுரொப்பிலீன். இவற்றின் தயாரிப்பில் பிஸ்ஃபீனால் ஏ தேவைப்படுவதில்லை. 7 என்பது 'மற்றவை'. பிஸ்ஃபீனால் ஏ கொண்டு செய்யப்படும் பாலிகார்பனேட் இதில்தான் வரும். எண்ணே இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

நல்ல பாட்டிலானாலும் அதைக் கையாளும் விதம் முக்கியம். 2022இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் மென்மையான பாட்டில்களில் 24 மணி நேரம் குழாய்த் தண்ணீரை வைத்துச் சோதித்தார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து வந்த 400க்கும் மேற்பட்ட பொருள்கள் தண்ணீரில் தென்பட்டன. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் கழுவியபின் சோப்பிலிருந்து வந்தவை 3,500க்கும் மேல். தென்பட்டதாலேயே அத்தனையும் நஞ்சு என்று பொருளில்லை. ஆனாலும் நடைமுறைப் பாடம் தெளிவாக இருக்கிறது: புறப்படும்போது நிரப்புங்கள், வீடு திரும்பியதும் மிச்சத்தைக் கொட்டுங்கள், வெயிலில் நிற்கும் காரில் தண்ணீரோடு விட்டுவைக்காதீர்கள், கொதிநீர் ஊற்றாதீர்கள், கையால் கழுவிச் சோப்புப் போக நன்றாக அலசுங்கள்.

சர்க்கரை கலந்த பானம் ஓரிரவு தங்கினாலே வால்வின் இடுக்கிலும் மூடியின் ரப்பர் வளையத்திலும் கிருமிகள் வழுவழுப்பாகப் படியத் தொடங்கும். பிறகு கறுப்புப் பூஞ்சை வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மூடி, வால்வு, வளையம் மூன்றையும் பிரித்துக் கழுவி, கவிழ்த்து உலர்த்துங்கள். நாற்றம் வந்தால் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவிடலாம். தேய்த்தும் கறுப்புப் புள்ளி போகவில்லை என்றால் அந்தப் பாட்டிலை மாற்றிவிடுங்கள்.

எதை வாங்கலாம்?

தமிழ்நாட்டு வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவருக்கு என் பரிந்துரை இது: 74 மில்லிமீட்டர் விட்டம், 4 அல்லது 5 என்ற எண், அகன்ற வாய், கழற்றிக் கழுவக்கூடிய வால்வு, ஃபிரேமில் பொருந்தும் மிகப் பெரிய அளவு, முடிந்தால் இரட்டைச் சுவர். நிறமும் பெயரும் அதற்குப் பிறகுதான். வாங்கியதும் தண்ணீர் நிரப்பி, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டியபடி எடுத்து, குடித்து, பார்க்காமலேயே திரும்ப வைத்துப் பழகுங்கள். கைக்கு அது பழகிய பிறகு நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

இன்னொரு வேண்டுகோள். 2021 முதல் பன்னாட்டு சைக்கிள் பந்தயங்களில் குறித்த இடங்களுக்கு வெளியே பாட்டிலை வீசினால் தண்டனை உண்டு. நல்ல பாட்டில் பல ஆண்டுகள் உழைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்திலும் ஏலகிரியின் வளைவுகளிலும் காலி குடிநீர் பாட்டில்களை எறிந்துவிட்டுப் போகாதீர்கள். சொந்தப் பாட்டிலைக் கொண்டுபோய், அதையே நிரப்பிக் குடியுங்கள்.