'இன்' என்றால் 'இல்லை' என்றுதான் பொருளா?

 

அரபியில் 'கல்பு' என்பது உள்ளம். அடிநாக்கில் பிறக்க வேண்டிய அதன் முதலெழுத்து சற்றே முன்னால் நழுவினால், அதுவே நாய் என்று பொருள்பட்டுவிடும். ஆகவேதான் மதரஸாவில் எழுத்துகளின் பிறப்பிடத்தைப் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறான விபரீதம் ஒன்றுண்டு. 'ஃபிளேமபிள்', 'இன்ஃபிளேமபிள்' என்னும் இரு சொற்களும் எதிர்ப்பதங்களைப் போல ஒலிக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதே பொருள். 'இன்கரெக்ட்' என்றால் சரியல்ல என்று படித்த பிள்ளை, 'இன்ஃபிளேமபிள்' என்றால் தீப்பற்றாது என்று கருதிவிடுவதில் வியப்பென்ன? இங்குள்ள 'இன்' மறுப்பைக் குறிப்பதன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையோடு ஒட்டிவந்த முன்னொட்டு அது. உடலில் ஏற்படும் அழற்சியை மருத்துவர்கள் 'இன்ஃபிளமேஷன்' என்பதும் அவ்வேரிலிருந்தே.

இக்குழப்பம் உயிரைப் பறிக்கும் என்றஞ்சிய அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம், 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்ற சொல்லைக் கையாளும்படி வலியுறுத்தியது. எனினும் பழைய சொல் மறையவில்லை. 1952இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட எரிபொருட்கள் பற்றிய சட்டமொன்றின் பெயரிலேயே 'இன்ஃபிளேமபிள்' இருக்கிறது. தீப்பற்றாத பொருளுக்குரிய சொல் 'நான்ஃபிளேமபிள்' என்பதே.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம். 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச்சென்ற சரக்கு ரயில் தீப்பிடித்து, விண்ணளவு கரும்புகை எழுந்ததை நம் மாவட்டம் கண்டதல்லவா? எழுத்துப் புரியாவிடினும் படம் புரியும். சிவப்புச் சாய்சதுரத்துள் தீச்சுடர் வரைந்திருந்தால், அங்கே பீடியும் வெல்டிங் பொறியும் ஆகா.

'காலி' என்ற சொல்லும் ஏமாற்றும். தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய அமெரிக்க மொழியறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப், காலி பெட்ரோல் டிரம்களின் அருகே மக்கள் அஞ்சாது புகைபிடிப்பதைச் சுட்டிக்காட்டினார். நிறைந்த டிரம்மைவிட, ஆவி தங்கிய காலி டிரம்மே வெடிக்கும் அபாயம் மிகுந்தது. ஆலையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் டிரம்மை வீட்டுக்குக் கொணர்ந்து வெட்டுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இல்லத்தரசிகளே! கொசு மருந்து, நறுமணத் தெளிப்பான், நகப்பூச்சு நீக்கி ஆகியவற்றின் மீதும் இச்சொற்களைக் காணலாம். அவற்றை அடுப்பங்கரையில் வைக்காதீர்கள். உறங்கச் செல்கையில் வீட்டில் நெருப்பை எரியவிட்டு வைக்க வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை நாம் அறிவோம். அந்த எச்சரிக்கை உணர்வோடு, இன்றிரவே வீட்டிலுள்ள டப்பாக்களின் எழுத்துகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், பொருளையும் கேளுங்கள். அல்லாஹ் நம் இல்லங்களைக் காத்தருள்வானாக!