கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் எதற்கு?

"சதையை எடுத்துப் பரிசோதிச்சுக் கான்சர்னு சொல்லியாச்சு. அப்புறம் எதுக்கு ஊசியில சாய மருந்து ஏத்தி ஸ்கேன்? காசு பிடுங்கத்தானே?"

1969-இல் அறிஞர் அண்ணா புற்றுநோயால் மறைந்தபின், அவர் நினைவாகப் புற்றுநோய் மருத்துவமனையே ஏற்பட்ட ஊர் எங்கள் காஞ்சிபுரம். இங்கேயே இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பது முதல் காரணம். இன்னொன்றும் உண்டு. ரத்தக் குழாய்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை!

கர்ப்பப்பைக்கு ரத்தம் தரும் குழாய் இடுப்புக்குள் பிரிகிறது. அதற்கு அடியிலே, பாலத்தின் கீழ் வேகவதி ஆறு போகிற மாதிரி, சிறுநீர்க் குழாய் போகிறது. சினைப்பைக்கு வரும் குழாயோ எங்கோ மேலே, சிறுநீரகத்தின் அருகில் புறப்படுகிறது. நாம் தாய் வயிற்றில் கருவாக இருந்தபோது சினைப்பை அங்கேதான் உண்டாகி, பிறகு கீழே இறங்கியதாம். அதிசயம்தான், இல்லையா?

இது பொதுவான அமைப்பு. ஆனால் நாலு பேரில் ஒருவருக்குச் சிறுநீரகத்துக்குக் கூடுதலாக ஒரு தமனி இருக்கும். சிலருக்கு இடது சிறுநீரகத்தின் சிரை, பெரிய தமனிக்கு முன்னால் போகாமல் பின்னால் போகும். இதனால் பொதுவாக ஒரு தொந்தரவும் இராது. நாலு பிள்ளை பெற்றவளுக்குக்கூடத் தெரியாது.

கான்சர் ஆபரேஷனில்தான் சங்கடம். இந்தக் குழாய்களை ஒட்டியே நெறிக்கட்டிகள் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்போது, எதிர்பாராத இடத்தில் ஒரு மெல்லிய சிரை கிழிந்தால் ரத்தம் பெருகும். கூடுதல் தமனி அறுபட்டால் சிறுநீரகத்தின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் கெட்டுப்போகும். வியன்னாவில் 1898-இல் இந்தப் பெரிய ஆபரேஷனைத் தொடங்கிய டாக்டர் வெர்ட்ஹைமுக்கு, வயிற்றைத் திறந்த பிறகுதான் எல்லாம் தெரியும். இன்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடிகிறது.

சாய மருந்து ஏற்றுமுன் ஆஸ்துமா, அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். கல்லடைப்புக்கு என்றோ எடுத்த ஸ்கேன் படம் பீரோவில் இருந்தால் எடுத்துப் போங்கள்.

ஸ்கேனிலும் சில குழாய்கள் தப்பிவிடும். அதனால்தான் ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்கிறார்கள். உடனே பயந்து அழாமல், ரத்தம் கொடுக்க இரண்டு பேரை ஏற்பாடு செய்யுங்கள். கொழுந்தனாரோ மருமகனோ, யாரானாலும் சரி.