மூடைகளை எண்ணும் தொடுகைக் கருவி

மாத்தளை மாவட்டத்தின் கலேவெல, தம்புள்ளைப் பகுதிகளிற் சிறுபோகத்திலே பெரிய வெங்காயம் பெருமளவிற் செய்கை பண்ணப்படுகின்றது. ஆகஸ்ட், செப்தெம்பர் மாதங்களில் அறுவடையான வெங்காயம் உலர்த்தப்பட்டு, மூடைகளாகக் கட்டப்பெற்று, லொறிகளில் ஏற்றப்படும். புனித அந்தோனியார் திருத்தலத்தாற் பலரும் அறிந்த வஹகோட்டையும் அதனையடுத்த ஊர்களும் தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்கு எட்டிய தூரத்தில் உள்ளன. இவ்வூர்களிலுள்ள கமக்காரருக்கு லொறியில் மூடை ஏறும் அந்த அரை மணி நேரம் போகம் முழுவதும் பட்ட பாட்டிற்குக் கணக்குத் தீர்க்கும் நேரமாகும்.

மூடைகளை வாயால் எண்ணுவதும், தாளிற் கோடிட்டு எண்ணுவதும் நெடுங்கால வழக்கம். எனினும் மழை இருட்டும்போதும், இருவர் ஒரேவேளையிற் சுமந்து வரும்போதும், நடுவே ஒருவர் பேச்சுக் கொடுக்கும்போதும் எண்ணிக்கை தவறுதல் இயல்பே. மூடையொன்று 50 கிலோ என்றும், கிலோ ஒன்றின் விலை 150 ரூபா என்றும் கொள்வோமாயின், ஒரு மூடை விடுபட்டால் 7,500 ரூபா நட்டமாகும். பணநட்டத்திலும் கொடியது, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே தோன்றும் ஐயுறவு.

தகடொன்றைத் தொடுந்தோறும் ஒன்று கூட்டி, அதனை விளக்குகளால் அறிவிக்கும் சிறு கருவியொன்றைக் கிராமத்திலேயே அமைத்துக்கொள்ளலாம். 2013 ஆம் ஆண்டு முதல் நம் பாடசாலைகளில் உயர்தரத்திற்குத் தொழினுட்பப் பிரிவு உளது. அப்பிரிவிற் கற்கும் மாணவரொருவர் இதற்குரிய செய்நிரலை எழுதவல்லவர். அவருக்கும், அவரிடம் வேலையை ஒப்படைக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் பயன்படுமாறு இத்துண்டுப் பிரசுரம் எழுதப்பட்டுள்ளது.

முதன்மையான விதி

பச்சை விளக்கு எரிந்தால், "இம்மூடை கணக்கில் எழுதப்பட்டது" என்பதே அதன் பொருளாதல் வேண்டும். புதிதாகக் கருவி செய்வோர் பலர் விளக்கைத் தொடுகைத் தகட்டுடன் நேரே இணைத்துவிடுவர். அவ்வாறு செய்தால் விரல் பட்டவுடன் விளக்கு எரியும். ஆனால் எண் கூடியதோ, கூடிய எண் நினைவகத்திற் பதிந்ததோ என்பது தெரியாது. எரிந்த விளக்கைக் கண்டு மூடையை ஏற்றியவர் ஏமாந்துபோவார். ஆகவே எண்ணைக் கூட்டி, நினைவகத்தில் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒத்துப் பார்த்த பின்னரே பச்சை விளக்கை எரியச்செய்தல் வேண்டும். கீழே கூறப்படுவன யாவும் இவ்விதியைக் காப்பதற்கான வழிகளே.

வேண்டிய உறுப்புகள்

தொடுகையை உணரும் முனைகள் கொண்ட நுண்கட்டுப்படுத்தி ஒன்று தேவை. 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஈஎஸ்பி 32 என்னும் வகையில் இத்தகைய முனைகள் பத்து உள. செம்பு அல்லது அலுமினியத் தகடு ஒன்றை 2 அல்லது 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாத்திக்குத் தட்டின் பின்புறத்தில் ஒட்டி, சிறு கம்பியால் முனையுடன் இணைக்க. கம்பி ஒரு சாணுக்கு மேற்படாதிருத்தல் நன்று. நீண்ட கம்பி அயலிலுள்ள மின்கம்பிகளின் குழப்பத்தை உள்ளே கொண்டுவரும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை நிற ஒளிகாலும் இருவாயிகள் ஒவ்வொன்று வேண்டும். ஒவ்வொன்றுடனும் 220 ஓம் தடையொன்றைத் தொடராக இணைக்க. கட்டுப்படுத்தியின் முனை 3.3 உவோற்றும், சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 உவோற்றும் கொள்வதால், ஓடும் மின் 6 மில்லியம்பியர் அளவினதாகும். இது விளக்குக்கும் முனைக்கும் தீங்கற்றது. எண்ணைக் காட்ட ஒரு சிறு காட்சித்திரையும் வேண்டும்.

தொடுகையை அறியும் முறை

விரல் தகட்டை அணுகும்போது அதன் மின்கொள்ளளவம் மிகும். ஈஎஸ்பி 32 இதனை ஓர் எண்ணாக அளந்து தரும். தொடும்போது அவ்வெண் குறையும். பின்வந்த சில வகைகளில் எண் கூடும்; எனவே முதலில் வாங்கிய வகையை அறிந்துகொள்க.

தொடும் எல்லையையும் விடும் எல்லையையும் ஒன்றாகவே வைத்தல் பெரும் பிழை. அளவெண் அவ்வெல்லையைச் சுற்றித் தள்ளாடும்போது, ஒரு தொடுகை மூன்றாகவும் நான்காகவும் எண்ணப்படும். இதனைத் தவிர்க்க எல்லைகள் இரண்டு வைத்தல் வேண்டும். தொடாதிருக்கும்போது வரும் சராசரி எண்ணை அடியெண் என்போம். அளவெண் அடியெண்ணின் நூற்றுக்கு 60 பங்கிற்குக் கீழ் இறங்கினால் "தொடப்பட்டது" எனவும், நூற்றுக்கு 80 பங்கிற்கு மேல் ஏறினால் "விடப்பட்டது" எனவும் கொள்க. இடையில் நின்றால் முன்னைய நிலையே தொடரும். இவ்வெண்கள் தொடக்கத்திற்குரியன, தகட்டின் பருமனுக்கேற்ப அவற்றைச் சோதித்து மாற்றிக்கொள்க.

தகட்டிற்குப் பதிலாகச் சாதாரண அழுத்துபொத்தானை இணைப்பவர்கள் வேறோர் இடரை அறிதல் வேண்டும். பொத்தானின் உலோக நாக்குகள் முட்டும்போது சில மில்லிசெக்கன்கள் துள்ளும். நமக்கு ஒரே அழுத்தாகத் தோன்றுவது கட்டுப்படுத்திக்குப் பல அழுத்துகளாகத் தெரியும். இரு வகைக்கும் மருந்து ஒன்றே: நிலை 50 மில்லிசெக்கன் மாறாது நின்றாலன்றி அதனை ஏற்கலாகாது.

செய்நிரலின் ஒழுங்கு

1. கருவிக்கு மின் கிடைத்தவுடன் நினைவகத்திலுள்ள மொத்த எண்ணை வாசிக்க. தகட்டை 50 முறை அளந்து சராசரி கண்டு அடியெண்ணாக வைக்க. இவ்வேளையில் எவரும் தகட்டைத் தொடலாகாது.

2. பத்து மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தகட்டை அளக்க. தொடர்ச்சியாக ஐந்து அளவுகள் ஒரே நிலையைக் காட்டினால் அதனைத் தற்போதைய நிலையாகக் கொள்க.

3. முன்னைய நிலை "விடப்பட்டது", தற்போதைய நிலை "தொடப்பட்டது" என இருந்தால் மாத்திரம் எண்ணுடன் ஒன்று கூட்டுக. தொட்டபடியே இருந்தாலும், தொட்டதை விட்டாலும் எண் மாறாதிருத்தல் வேண்டும்.

4. கூட்டிய எண்ணை நினைவகத்தில் எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடுக.

5. ஒத்திருந்தால் பச்சை விளக்கை அரைச் செக்கன் எரிக்க. ஒவ்வாதிருந்தால் சிவப்பை எரித்து, எண்ணுதலை நிறுத்துக.

6. ஒவ்வோர் எண்ணுதலின் பின்னும் ஒரு செக்கனுக்கு மஞ்சளை எரியவிட்டு, அதற்குள் வரும் தொடுகைகளைத் தள்ளிவிடுக. தகட்டிலிருந்து கை எடுக்கப்படாதவரையில் மஞ்சள் அணையலாகாது.

7. முன்னைய நிலையைத் தற்போதைய நிலையாக மாற்றிவிட்டு, இரண்டாம் படிக்குத் திரும்புக.

விளக்கை அரைச் செக்கன் எரிப்பதற்காகச் செய்நிரலையே அரைச் செக்கன் நிறுத்திவைத்தல் கூடாது. அவ்வாறு நின்றிருக்கும் வேளையிற் கட்டுப்படுத்தி எதனையும் உணராது. விளக்கு எரியத் தொடங்கிய நேரத்தை ஒரு மாறியிற் குறித்துவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் தற்போதைய நேரத்திலிருந்து அதனைக் கழித்துப் பார்த்தலே முறை. மில்லிசெக்கனைக் கணிக்கும் 32 துவித உள்மணிக்கூடு ஏறத்தாழ 49.7 நாளில் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். குறியற்ற முழுவெண்களைக் கொண்டு மேற்கூறியவாறு கழித்துப் பார்ப்பின் அதனால் இடர் நேராது.

விளக்குகள் கூறுவன

பச்சை: மூடை பதிவாயிற்று, ஏற்றலாம்.

மஞ்சள்: பொறுத்திருக்க, இப்போது தொட்டால் எண்ணப்படாது. மஞ்சள் அணையாமல் நின்றால், மூடையோ ஈரச் சாக்கோ தகட்டிற் சாய்ந்துள்ளது என்று அறிக.

சிவப்பு: பதிவு நடைபெறவில்லை, ஏற்றுதலை நிறுத்தித் தாளில் எண்ணுக.

ஒவ்வொரு பத்தாவது மூடைக்கும் பச்சை விளக்கு மூன்று முறை மின்னுமாறு அமைத்தல் பயனுடைத்து. அம்மின்னலைக் கண்டவுடன் எழுத்தர் தம் தாளில் ஒரு கோடு இடுவார். 240 மூடை ஏற்றிய பின் தாளில் 24 கோடுகள் இருத்தல் வேண்டும். வேறுபாடு தோன்றினால், அது எந்தப் பத்தில் நேர்ந்தது என்பது அப்பொழுதே தெரியவரும். லொறி போன பின் வாதிட வேண்டியதில்லை.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையோர் சிலர் உளர். ஆதலின் சிவப்பை மேலும், மஞ்சளை நடுவிலும், பச்சையைக் கீழும் வைத்து, இவ்வொழுங்கை எல்லாக் கருவிகளிலும் ஒரே விதமாகப் பேணுக. உச்சி வெயிலில் விளக்கு தெரியாது போவதால், ஒவ்வொன்றையும் கறுப்பு மை பூசிய குறுங்குழாயினுள் அமைக்க.

மின்மானியைப் போன்ற கணக்கு

லொறி ஒவ்வொன்றின் முடிவிலும் எண்ணைப் பூச்சியமாக்கும் பொத்தானொன்று வைக்கப் பலரும் விரும்புவர். இது ஏற்றதன்று. கைதவறித் தொட்டால் அன்றைய கணக்கு முழுவதும் அழியும். வேண்டுமென்றே தொடுவோரையும் தடுக்க இயலாது.

நம் வீட்டு மின்மானியை நோக்குக. மாதந்தோறும் அது பூச்சியத்துக்குத் திரும்புவதில்லை. இம்மாத வாசிப்பிலிருந்து சென்ற மாத வாசிப்பைக் கழித்தே பட்டியல் எழுதப்படுகின்றது. எண்ணியும் அவ்வாறே இருத்தல் வேண்டும். லொறி வந்தவுடன் எண் 4,310 என்றும், புறப்படும்போது 4,550 என்றும் இருந்தால், ஏறியவை 240 மூடை. இரு எண்களையும் விற்பவரும் வாங்குபவரும் பார்த்து, பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிடலாம். ஒரு லொறியின் இறுதி எண் அடுத்த லொறியின் தொடக்க எண்ணாக இருத்தலால், இடையே எவரேனும் கருவியைத் தொட்டிருந்தாலும் வெளிப்பட்டுவிடும்.

பிழையாகத் தொட்டதைத் திருத்தவும் எண்ணைக் குறைக்கலாகாது. "திருப்பிய மூடை" என இரண்டாவது தகடும் அதற்கெனத் தனி எண்ணும் வைக்க. கணக்குப் புத்தகத்தில் எழுதியதை அழிக்காமல் எதிர்ப்பதிவு இடுவது போன்ற முறை இது.

மின் தடைப்படும்போது

சாதாரண மாறியில் உள்ள எண் மின் தடைப்பட்டவுடன் மறைந்துபோம். ஆகவே ஒவ்வொரு மூடையும் அழியா நினைவகத்தில் எழுதப்படல் வேண்டும். அந்நினைவகத்திற்கும் ஆயுள் உண்டு. பாடசாலைகளிற் பெரிதும் பழகும் ஏற்றிமெகா 328 என்னும் நுண்கட்டுப்படுத்தியில் 1,024 பைற்று அழியா நினைவகம் உளது. அதன் ஒவ்வோரிடமும் 100,000 முறை எழுதத் தக்கதென ஆக்கியோர் குறிப்பிடுகின்றனர். நாளொன்றுக்கு 500 மூடை வீதம் போகத்தில் 40 நாள் எண்ணினால் 20,000 எழுத்துகள் ஆகும். எனவே ஒரே இடத்தில் எழுதிவந்தால் ஐந்து போகத்தில் அவ்வெல்லை வந்துவிடும். நூறு இடங்களில் முறைமாற்றி எழுதினால் எல்லை நூறு மடங்கு தள்ளிப்போகும். ஈஎஸ்பி 32 இன் சேமிப்பு நிரலகம் இவ்விடமாற்றத்தைத் தானே செய்துகொள்ளும்.

எழுதிக்கொண்டிருக்கும் கணத்திலேயே மின் தடைப்படுதலும் கூடும். இதற்காக ஒவ்வொரு பதிவிலும் எண்ணையும் அதன் துவித எதிர்ப்படியையும் சேர்த்தெழுதுக. மின் வந்ததும் இரண்டும் பொருந்தும் பதிவுகளிற் பெரிய எண்ணையே ஏற்க. எண் ஒருபோதும் குறையாதாகையால் பெரியதே கடைசியானது. மின் தடைப்படுமுன் பச்சை எரியாத மூடை இருப்பின், திரையிலுள்ள எண்ணைத் தாளுடன் ஒப்பிட்ட பின்னரே அதனை மீண்டும் எண்ணுக.

கைத்தொலைபேசிக்கான மின்சேமிப்பிகளால் கருவியை இயக்குவோர் ஒன்றைக் கவனிக்க. அவற்றுட் சில, மிகக் குறைந்த மின்னையே எடுக்கும் கருவிகளுக்குச் சிறிது நேரத்தில் தாமே மின்னை நிறுத்திவிடும். வாங்குமுன் ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்க.

பொருத்துமிடமும் சோதனையும்

மழைத்துளி தகட்டில் வழிந்தால் விரல் பட்டது போன்று எண் மாறும். எனவே கூரைக்குக் கீழே, தகடு செங்குத்தாக நிற்குமாறு மார்பளவு உயரத்திற் பொருத்துக. மாரிக்கு இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரில், ஒற்றோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமுழக்கத்தின்போது சுவர் ஆளியிலிருந்து இணைப்பைக் கழற்றிவிடுக.

வேலைக்கு எடுக்குமுன் பின்வரும் சோதனைகளைச் செய்க: உலர்ந்த கையால் நூறு முறை, ஈரக் கையால் நூறு முறை, மண் படிந்த கையால் நூறு முறை, கையுறையுடன் நூறு முறை. ஒவ்வொன்றிலும் எண் சரியாக நூறு கூடியிருத்தல் வேண்டும். பின்னர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே இருபது முறை மின்னைத் துண்டித்து, பச்சை எரிந்த ஒரு மூடையேனும் மறைந்ததா எனப் பார்க்க. ஒன்று மறைந்தாலும் செய்நிரலைத் திருத்தாமற் பயன்படுத்தலாகாது.

முதற் போகத்திலே தாட்கணக்கைக் கைவிடாது இரண்டையும் ஒருங்கே நடத்துக. போகம் முடிவில் இரண்டும் ஒத்திருந்தால், கருவி ஊரவரின் நம்பிக்கையைப் பெற்றுவிடும். வாங்க வருபவருக்கும் விளக்குகளின் பொருளை முதலிலேயே கூறி, அவர் கண்ணிற்படும் இடத்திலே கருவியை வைத்தல் வேண்டும். கமக்காரர் அமைப்புகள் இதுபற்றித் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருடனும், அயற் பாடசாலையின் தொழினுட்ப ஆசிரியருடனும் கலந்து, அறுவடைக்கு இரண்டு மாதம் முன்னரே வேலையைத் தொடங்குவது நன்று.