விரைந்து வளரும் நாய்க்குட்டி: ஆகாரமும் பயிற்சியும்

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயரின் படைத்தண்டு அமைந்தது. அதனையொட்டித் தமிழர் பலர் வந்து குடியேறிய பகுதிகளுள் அல்சூரும் ஒன்று. அங்கே ஏரியை அடுத்துள்ள தெருக்களில் விடியற்காலையில் நடந்து செல்வோமாயின், கையில் வாருடன் நாயை அழைத்துச் செல்வோரைக் காணலாம். இழுத்துச் செல்லப்படுபவர் பெரும்பாலும் மனிதரே. நாய்களோ பலவகைக் கலப்பு. தலை லாப்ரடாரை ஒத்திருக்கும். முதுகு அல்சேஷனை நினைவூட்டும். வால் மட்டும் நம் தெருநாயினுடையது. ஐந்து மாதக் குட்டி என்று சொன்னால் நம்ப இயலாத பருமன். “வாரத்துக்கு ஒரு கிலோ ஏறுகிறான்” என்று வளர்ப்பவர் பெருமையுடன் கூறுவதும் உண்டு. அந்தப் பெருமையைப் பற்றியே இங்கு நாம் சிறிது ஆராய விரும்புகிறோம்.

பெரிய இனத்து நாயின் வளர்ச்சி வியப்புக்குரியது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஓராண்டில் ஏறத்தாழ 50 கிலோவை எட்டிவிடும். மூன்று கிலோவுடன் பிறக்கும் மனிதக் குழந்தை இருபது மடங்கு பெருகுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. நாய்க்குட்டியின் எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டுகள், அதாவது எலும்பை நீளச்செய்யும் மென்மையான குருத்தெலும்புப் பகுதிகள், அத்தனை வேலையையும் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்குள் செய்து முடிக்க வேண்டும். அவை முதிர்ந்து இறுகும் முன்னரே உடற்பாரம் மிகுந்துவிட்டால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சீர்கெடுகின்றன. ஆகவே, விரைந்து வளரும் குட்டியை மேலும் விரைந்து வளரச் செய்யக் கூடாது.

இதற்குச் சான்று இருக்கின்றது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக இணை சேர்த்து, எட்டு வார வயது முதல் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குத் தாராளமாக உணவிட்டனர். மற்றொன்றுக்கு அதனினும் நூற்றுக்கு 25 பங்கு குறைத்தனர். குறைவாக உண்டவற்றில் இடுப்பு மூட்டுக் கோளாறு குறைவாகக் காணப்பட்டது என 1992-இல் அறிவித்தனர். அந்நாய்களை ஆயுள் முழுதும் கவனித்து 2002-இல் வெளியிட்ட முடிவு அதனினும் பெரிது: அவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தன. உணவைக் குறைத்தால் நாய் குள்ளமாகிவிடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. முதிர்ந்த உயரம் பெரும்பாலும் பெற்றோர் வழி வருவது. பட்டினி போட்டாலன்றி அது குன்றாது. அதனை எய்தும் வேகம் மட்டுமே குறையும்.

கலப்பினத்துக்கு இத்தகைய நோய்கள் வாரா என்பதும் பரவலான நம்பிக்கை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் 24 பரம்பரைக் கோளாறுகளைச் சீர்தூக்கி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றுள் 13 கோளாறுகள் கலப்பினத்திலும் தூய இனத்திலும் வேறுபாடின்றிக் காணப்பட்டன. இடுப்பு மூட்டுக் கோளாறு அவற்றுள் ஒன்று.

எவ்வளவு கொடுப்பது? கலப்பினக் குட்டியின் முதிர்ந்த எடையை முன்கூட்டிச் சொல்வது கடினம். பெரிய நாய்கள் ஐந்தாம் மாத அளவில் முதிர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதியை அடைகின்றன என்பதைக் கொண்டு ஒருவாறு ஊகிக்கலாம். அதனினும் நம்பத்தக்கது நம் விரல்களே. குட்டியின் விலாவைத் தடவினால், அழுத்தாமலேயே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். பக்கவாட்டில் வயிறு சற்று உள்வாங்கி இருக்க வேண்டும். கொழுகொழுவென்று இருப்பது நல்ல அடையாளமன்று. வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பின்பு தனியே நின்று, வேறுபாட்டைக் குறித்து வைக்கலாம். நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பின்னர் இரண்டு என்பது வழக்கமான முறை. ஒரே வேளையில் மொத்தமாக இடுவதும், உண்டவுடன் ஓடவிடுவதும் ஆகா. ஆழ்ந்த மார்புடைய பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரைக் கொள்ளும்.

இனிச் சுண்ணாம்புச் சத்து. நம்மவர் மிகுதியும் தவறுவது இங்கேதான். பெரிய நாய், பெரிய எலும்பு, ஆகவே கால்சியம் டானிக் என்று கணக்கிட்டு, கடையிலிருந்து புட்டியை வாங்கி வந்துவிடுகின்றனர். வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு சுண்ணாம்பை ஏற்று மிஞ்சியதை விலக்க வல்லது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தத் திறன் முழுமையாக அமைவதில்லை. உட்சென்றதில் பெரும்பங்கை உடல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஹாலந்து நாட்டில் கிரேட் டேன் குட்டிகளுக்கு ஒரு பிரிவில் நூற்றுக்கு 1.1 பங்கும், மற்றொரு பிரிவில் 3.3 பங்கும் கால்சியம் அடங்கிய உணவளித்துப் பார்த்து 1985-இல் முடிவை வெளியிட்டனர். மிகுதியாகப் பெற்ற குட்டிகளின் எலும்புகளே கோளாறடைந்தன. இன்று அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கம், முதிர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 32 கிலோவும் அதற்கு மேலும் எடை அடையும் நாய்களின் குட்டி உணவில், நீர் நீக்கிய நிறையில் நூற்றுக்கு 1.8 பங்கை உச்ச வரம்பாக விதித்திருக்கிறது. பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த முழு உணவைக் கொடுப்போர் அதன்மேல் டானிக் சேர்த்தல் பணத்தைக் கொடுத்து நோயை வாங்குவதாகும்.

வீட்டுச் சமையலை இடுவோர் நிலைமை இதற்கு நேர்மாறு. சோறும் இறைச்சியும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்பு மிகவும் குறைந்துவிடும். இறைச்சியில் சுண்ணாம்பு ஒரு பங்கென்றால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு இருக்கிறது. குட்டிக்கு வேண்டுவதோ ஏறக்குறையச் சரிபாதி, அல்லது சுண்ணாம்பு சற்றுக் கூடுதல். இந்நிலையில் உடல் தன் எலும்பையே கரைத்துச் சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். கால்கள் வளையும், எளிதில் முறியும். நம் தயிர்ச்சோற்றிலும் புரதம் போதாது. கன்னட நாட்டில் எங்கும் கிடைக்கும் கேழ்வரகு நல்ல துணை: 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்பு உண்டு, பாலில் சுமார் 120. எனினும் கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அந்தச் சுண்ணாம்பை முழுவதும் உடலில் சேரவிடாது. எனவே களியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. வீட்டு உணவே கொடுக்க எண்ணுவோர் சுண்ணாம்பின் அளவை மிருக வைத்தியரிடம் கணக்கிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். முட்டையையும் இறைச்சியையும் குறைத்தால் எலும்பு நேராகும் என்பது பழைய அபிப்பிராயம்; புரதத்தைக் கூட்டியும் குறைத்தும் செய்த சோதனைகளில் அது நிலைபெறவில்லை. வெங்காயமிட்ட குழம்பும் சாம்பாரும் நாயின் இரத்தத்துக்குக் கேடு. திராட்சை சிறுநீரகத்துக்குக் கேடு.

இளவெயிலில் குட்டியைக் கிடத்தினால் எலும்பு உறுதிப்படும் என்று பாட்டிமார் கூறுவர். கைக்குழந்தைக்கு அது பொருந்தும். நாயின் தோலோ வெயிலிலிருந்து வைட்டமின் டி-யைப் போதிய அளவு ஆக்குவதில்லை. அது உணவு வழியாகவே வர வேண்டும். வெயில் காய்வது குட்டிக்குச் சுகம், அவ்வளவே.

பயிற்சியைப் பொறுத்தவரை, நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று நமக்கு வழிகாட்டுகிறது. லாப்ரடார் முதலிய நான்கு பெரிய இனங்களைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிட்டனர். முதல் மூன்று மாதங்களில் நாள்தோறும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு மிகுதியாகவும், வார் இன்றி மேடுபள்ளமான மென்தரையில் திரிந்த குட்டிகளுக்குக் குறைவாகவும் இருந்ததாம். அல்சூர்ச் சந்துகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வாடகை வீடுகளில் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை. மாடியில் குடியிருப்போர் குட்டியைக் கையில் தூக்கியே இறக்க வேண்டும்; பதினைந்து கிலோவைத் தூக்க இயலாத முதியவர்கள் இத்தகைய குட்டியை ஏற்குமுன் யோசிப்பது நன்று. வழுக்கும் தரையில் சாக்கையோ பழைய விரிப்பையோ பரப்பி வைக்கலாம்.

மாத வயதுக்கு ஐந்து நிமிடம் நடை என்று ஒரு கணக்குப் பலராலும் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான ஆராய்ச்சி ஆதாரம் இல்லை. ஆயினும் தார்ச்சாலையில் வாருடன் அழைத்துச் செல்லும் நடைக்கு ஒரு வரம்பாகக் கொள்வதில் தீங்கில்லை. மண்தரையில் குட்டி தானாக ஓடி, தானாகப் படுத்து இளைப்பாறும் விளையாட்டுக்கு இக்கணக்கு வேண்டா. பந்தை மீண்டும் மீண்டும் எறிந்து தாவச் செய்வதும், பின்கால்களில் நிற்கப் பழக்குவதும் ஒன்றரை வயது வரை தவிர்க்கத் தக்கன. ஸ்கூட்டரில் அமர்ந்து நாயைப் பின்னால் ஓடவிடுவோரையும் நகரங்களில் காண்கிறோம். இது பயிற்சியன்று, கொடுமை. தடுப்பூசிகள் முடியும் வரை, ஏறக்குறைய நான்கு மாதம், பிற நாய்கள் நடமாடும் தெருவில் குட்டியை இறக்காதிருத்தலும் அவசியம். பார்வோ நோய் மண்ணில் நெடுநாள் தங்கும். அதுவரை தோளில் தூக்கிச் சென்று ஊரைக் காட்டலாம்.

இவ்வளவு எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. சொந்த ஊரில் முற்றமும் தோட்டமும் இருக்கும். நொண்டும் நாய் ஒரு மூலையில் படுத்துக் காலங்கழிக்கும். வெளி மாநிலத்தில் வாடகை வீட்டில் நாற்பது கிலோ எடையுள்ள நாய் எழ இயலாது போனால், அதனை யார் மாடிப்படியில் சுமப்பது? வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? அன்பாக வளர்த்தவர்களே கண்ணீருடன் எங்கேனும் கொண்டுபோய் விடும்படி நேர்கிறது.

இரண்டு நாளுக்கு மேல் நொண்டினாலோ, எழச் சிரமப்பட்டாலோ, ஓடும்போது முயலைப் போல் பின்கால்கள் இரண்டையும் சேர்த்துத் தாவினாலோ, முன்கால் மணிக்கட்டு வளைந்தாலோ தாமதியாமல் காட்ட வேண்டும். நாம் உண்ணும் வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாகாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம். பெங்களூரில் உள்ளோருக்கு ஹெப்பாலில் 1958-இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. பம்பாய்த் தமிழருக்கு 1886-இல் தோன்றிய பரேல் கல்லூரியும், கல்கத்தாவில் உள்ளோருக்குப் பெல்காச்சியாக் கல்லூரியும் உண்டு. செல்லும்போது வாரந்தோறும் எடை குறித்த தாளையும், கொடுத்துவரும் தீவனப் பையின் சீட்டையும், டானிக் கொடுத்திருந்தால் அந்தப் புட்டியையும் உடன் எடுத்துச் செல்க.