உங்களுக்குத் தெரியுமா? பாட்டு முடிந்தும் முடியாத வாத்தியங்கள்

கூட வாசிக்க ஆளில்லாத இசைக்கலைஞர்களுக்குத் துணையாக, கனடாவின் பிஜி மியூசிக் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட மென்பொருள் பேண்ட்-இன்-எ-பாக்ஸ். கார்ட் (சுரக்கூட்டு) வரிசையைத் தட்டச்சு செய்து ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். பாடலின் கடைசிச் சுற்று முடிந்ததும் 2 பார் (தாள அலகு) நீளமுள்ள முத்தாய்ப்பு ஒன்றையும் அதுவே வழக்கமாகச் சேர்த்துவிடும். இதை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பேன். 32 பார் கொண்ட ஜாஸ் பாடல்கள் பலவற்றில் மெட்டின் கடைசிச் சுரம் 31-ஆம் பாரிலேயே விழுந்துவிடுகிறது. எஞ்சிய இடம் அடுத்த சுற்றுக்குத் திரும்பும் வழி மட்டுமே. மென்பொருளோ 33-ஆம் பாரில்தான் முடிக்கவே தொடங்குகிறது. பாடுபவர் ஓய்ந்த பிறகும் வாத்தியங்கள் ஓயாமல் நீள்கின்றன.

ஸ்டைலை உருவாக்கியவர் பொருத்தமான முடிவைத்தானே அமைத்திருப்பார் என்று கேட்கலாம். உண்மை, தாளத்துக்கு அது பொருந்தும். ஆனால் உங்கள் மெட்டு எங்கே அடங்குகிறது என்பதை அவர் அறியமாட்டார். மாற்றாக ஒலியை மெல்லக் குறைத்து மறையவிடுவது ஒலிப்பதிவுக்கு அழகு, மேடையிலோ கைதட்ட வேண்டிய கணமே கரைந்துபோகும். தானியங்கி முடிவை அணைத்துவிட்டு, கடைசி கார்டின் பெயருக்குப் பின் 3 புள்ளிகள் இடுவதே மேல். அந்த ஒலி நீண்டு நிற்கும். 2 புள்ளி இட்டால் வெட்டென ஒரே அடி, 1 புள்ளி என்றால் மௌனம். நடுச் சுற்றுகளில் இவை குறுக்கிடாதபடி அமைப்புகளில் மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.